கிட்ஹப் என்னும் சவுதார் குளம்

"ஓப்பன் சோர்ஸ்ல சாதி கிடையாது. நீ யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. உன் கோடு மட்டும்தான் பேசும்." புதுச்சேரியைச் சுற்றியிருக்கும் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பெடுக்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் வசனம் இது. அடுத்த வசனமும் தயாராக இருக்கும்: "கிட்ஹப் பக்கம் பச்சையா இல்லேன்னா இன்டர்வியூல எவனும் உன்னத் திரும்பிப் பாக்க மாட்டான்." யாரும் கேட்கமாட்டார்கள் என்பதும் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே நிமிடத்தில் வருகின்றன. முதல் வசனத்தை நம்பிப் போகிற நம் பிள்ளைகள் இரண்டாவது வசனத்தில் அடிபட்டுத் திரும்புகிறார்கள்.

இந்தத் துறைக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்காக நாலு வரி. ஒரு மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதி வெளியிடுவதுதான் திறமூலம். அதன் அரசியலை அழுத்திச் சொல்கிறவர்கள் கட்டற்ற மென்பொருள் என்பார்கள். பயர்பாக்ஸ், லிப்ரெஆபிஸ், விஎல்சி எல்லாம் இந்த வகை. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். இவற்றில் பிழை திருத்துவது, புது வசதி சேர்ப்பது, விளக்கக் குறிப்பு எழுதுவது, மொழிபெயர்ப்பது எல்லாவற்றுக்கும் 'பங்களிப்பு' என்று பெயர். பெரும்பாலும் கூலி கிடையாது. ஆனால் வேலைச் சந்தையில் அதற்கு விலை உண்டு.

கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே வராதது உன் குற்றம் என்கிற பேச்சை நாம் முதல்முறையாகக் கேட்கவில்லை. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளமும் கிணறும் பள்ளியும் தீண்டத்தகாதோருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் போலேவின் தீர்மானத்தை ஏற்றுக்கொண்டது. 1924இல் மகாடு நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் தலித் மக்களால் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் இறங்கினார். அன்றைக்கே அவர்களை அடித்தார்கள். குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். காகிதத்தில் திறந்திருப்பது வேறு, படித்துறையில் கால் வைக்க முடிவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நம்மிடம் இல்லை. திறமூல உலகின் உரிமங்கள் அந்த 1924 தீர்மானம் போன்றவை. நல்ல தீர்மானம்தான். அதை வைத்துக்கொண்டு தாகம் தீராது.

வில்லியனூர் கொம்யூனிலோ பாகூர் கொம்யூனிலோ ஒரு காலனி வீட்டுப் பெண் பங்களிக்க உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கணினி வேண்டும். அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தால் அதை அண்ணனோடு பங்கிட வேண்டும். பேட்டரி என்றோ செத்திருக்கும். அடுத்தது இணையம். பெரிய திட்டங்களின் நிரலை இறக்கி ஓட்டிப் பார்க்கப் பல ஜிபி ஆகும். அவளிடம் இருப்பது நாளுக்கு ஒன்றரை ஜிபி போன் டேட்டா. அடுத்தது நேரம். தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போய்த் திரும்புகிறவளுக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் நாள் தொடங்கும். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக ஷிப்ட் பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பிசிஏ படிக்கிற பையனுக்கு அதுவும் கிடையாது. அதற்கப்புறம் ஆங்கிலம். நிரல் எழுதுகிற ஆங்கிலம் கொஞ்ச நாளில் வந்துவிடும். முகம் தெரியாத ஒருவரிடம் 'நீங்கள் சொல்வது தவறு' என்று பணிவாகவும் விடாமலும் வாதாடுகிற ஆங்கிலம் அத்தனை சுலபத்தில் வராது. பங்களிப்பில் பாதி அந்த வாதாட்டம்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய இல்லாமை ஒன்று உண்டு: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாமை. அமெரிக்காவில் சித்தப்பாவும் பெங்களூரில் அத்திம்பேரும் உள்ள வீட்டில் ஒரு பையனுக்குப் பதினைந்து வயதிலேயே யாரோ லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் திட்டத்தில் சேரலாம், யாரிடம் கேட்கலாம், திட்டினால் பொருட்படுத்தாதே என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. இருபத்திரண்டு வயதில் அவனுடைய பக்கம் பச்சையாக இருக்கும். அதற்குப் பெயர் 'தகுதி', 'திறமை'.

இந்த இரண்டு சொற்களைத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் யாரும் நமக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இடஒதுக்கீட்டை எதிர்த்து எந்தக் காலத்தில் எவர் பேசினாலும் இவற்றோடுதான் வருவார்கள். திறமூல உலகமும் தன்னைப் பல காலம் 'மெரிட்டோகிரசி' என்றுதான் சொல்லிக்கொண்டது. 1958இல் மைக்கேல் யங் அந்தச் சொல்லை ஒரு நையாண்டி நூலில் பரப்பினார். கிண்டலைக் கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள். கிட்ஹப் நிறுவனம் தன் அலுவலகத்தில் அந்தச் சொல் பொறித்த கம்பளமே விரித்திருந்தது. பெண்ணியவாதிகள் கேள்வி கேட்ட பிறகு 2014இல் சுருட்டி வைத்தார்கள். ஐஐடி மெட்ராஸை ஆராய்ந்து அஜந்தா சுப்ரமணியன் 2019இல் எழுதிய நூல், சாதி எப்படித் தன்னை 'மெரிட்' என்று பெயர் மாற்றிக்கொள்கிறது என்பதை விரிவாகவே காட்டியது. அதே ஐஐடிகளிலிருந்து போனவர்கள் அங்கே போய்ச் சாதியைக் கழற்றி வைத்துவிட்டார்களா? 2020 ஜூனில் கலிபோர்னியா மாநிலத் துறை ஒன்று சிஸ்கோ மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது நினைவிருக்கும். பின்னர் இரு மேலாளர்கள் மீதான வழக்கைத் திரும்பப் பெற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் சிலிக்கான் பள்ளத்தாக்கில் சாதி என்ற சொல்லை உரக்கச் சொல்லவைத்தது அந்த வழக்குதான்.

திறமூலத்தில் எத்தனை தலித்துகள் இருக்கிறார்கள்? கிட்ஹப் 2017இல் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்னவர்களில் 95 விழுக்காடு ஆண்கள், 3 விழுக்காடு பெண்கள் என்று வந்தது. சாதி என்ற கேள்வி அதில் இல்லை. கேட்காமல் விட்டுவிட்டு 'இங்கே சாதி இல்லை' என்பது நம் ஊர் ஆட்களுக்குப் பழகிய உத்தி. சாதிவாரிக் கணக்கெடுப்பு என்றாலே ஏன் பதறுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

ஓர் இடத்தில் மட்டும் கதவு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்பது ஆயிரக்கணக்கான திட்டங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் நடத்தை விதி. அதன் 2.1 பதிப்பில் இனம், நிறம், மதம் ஆகியவற்றோடு சாதியும் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கரு 2018இல் ஏற்றுக்கொண்டது பழைய பதிப்பு. அதில் சாதி கிடையாது. ஆகவே ஒரு திட்டத்தில் நுழையும்போது முதலில் அதன் நடத்தை விதிக் கோப்பைத் திறந்து, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழையதாக இருந்தால் புதியதற்கு மாற்றச் சொல்லி ஒரு வேண்டுகோள் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. சிலர் 'இங்கே எதற்கு அரசியல்' என்பார்கள். அந்தப் பதிலும் பொதுவில் பதிவாகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிட் கருவியை நிறுவியதும் முதலில் கேட்பது உங்கள் பெயரை. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தோடும் அந்தப் பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். பதிவுப் படிவங்கள் பல 'கடைசிப் பெயர்' இல்லாமல் நகர விடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொல்லித் தீர்மானம் போட்ட மண்ணிலிருந்து போகிறவர்களிடம், அந்த இடத்தை ஏன் காலியாக வைத்திருக்கிறாய் என்று அமெரிக்கப் படிவம் கேட்கிறது. கிட் கருவிக்குக் கடைசிப் பெயர் தேவையே இல்லை. அப்பா பெயரோ அம்மா பெயரோ புனைபெயரோ ஊர்ப் பெயரோ, எது போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறாள். அதுவும் ஓடுகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு 'ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள்' என்று நான் சொல்லப்போவதில்லை. இறங்கத்தான் சொல்கிறேன். நானும் பாகூர் பக்கத்துக் காலனியில் பிறந்து நிரல் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள்தான். ஆனால் தனியாளாக இறங்காதீர்கள். மகாடில் அம்பேத்கரும் தனியாக இறங்கவில்லை.

நாலைந்து பேராகச் சேருங்கள். படிப்பகமோ இரவுப் பாடசாலையோ யார் வீட்டுத் திண்ணையோ போதும். கிட் கருவி இணையம் இல்லாமலே வேலை செய்யும் என்பதைப் பயிற்சியாளர்கள் யாரும் சொல்வதில்லை. ஒரு மடிக்கணினியில் களஞ்சியத்தை வைத்து, ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் மற்றவர்கள் இணைந்தால் காசு செலவில்லாமல் முழுப் பயிற்சியும் நடக்கும். கிளை பிரிப்பது, மாற்றத்தைப் பதிவது, இரண்டு பேர் ஒரே வரியை மாற்றினால் வருகிற மோதலைத் தீர்ப்பது எல்லாவற்றையும் உங்களுக்குள்ளேயே சண்டை போட்டுப் பழகுங்கள். வெளித் திட்டத்தை இறக்கும்போது 'டெப்த் 1' என்று சேர்த்து குளோன் செய்தால் பழைய வரலாறு இல்லாமல் கடைசி நிலை மட்டும் இறங்கும். டேட்டா மிச்சம்.

அடுத்து, எந்தத் திட்டம்? நீங்கள் அன்றாடம் பயன்படுத்துகிற ஒன்றாக இருக்கட்டும், அதில் உங்களை எரிச்சலூட்டுகிற ஒரு குறை இருக்கட்டும். உதாரணம் ஒன்று. பைத்தானில் 'வில்லியனூர்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். 11 என்று சொல்லும். நம் கண்ணுக்குத் தெரிவது ஆறு எழுத்து. 'பாகூர்' மூன்றெழுத்து, அது 6 என்னும். உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வருகிற கோளாறு இது. ஒரு படிவத்தில் 'பத்து எழுத்துக்குள் எழுதுக' என்றால் வில்லியனூர்க்காரர் தன் ஊர்ப் பெயரை எழுத முடியாது. இந்தச் சிக்கலுக்காகவே 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. அதை நிறுவி, உங்கள் ஊர்ப் பெயர்களைக் கொடுத்துப் பாருங்கள். எங்காவது தவறினால் அது உங்கள் முதல் 'இஷ்யூ'. என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். திருத்தமும் தெரிந்தால் உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து, தனிக் கிளையில் மாற்றி, சோதனை ஓட்டிப் பார்த்துவிட்டு 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்புங்கள். 'குட் பர்ஸ்ட் இஷ்யூ' என்று குறியிட்டவை புதியவர்களுக்காக ஒதுக்கியவை. வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் பதில் வராவிட்டால் அதைச் சாதி என்று நினைக்க வேண்டாம். மறுமுனையில் இருப்பவரும் பல நேரம் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்திருப்பவர். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதே நேரம், டி-ஷர்ட்டுக்காக எதையாவது அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்பெஸ்ட் நிகழ்வில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் சட்டை என்றார்கள். யூடியூபில் குறுக்குவழி பார்த்து, விளக்கக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்பிய குப்பை குவிந்தது. பராமரிப்பவர்கள் கதறினார்கள், விதியை நடுவிலேயே மாற்றினார்கள். அந்தக் கோபம் 'இந்தியர்கள்' என்ற பொதுப்பெயரில் புதியவர்கள் எல்லோர் தலையிலும் விடிந்தது. 'பச்சையாக இல்லாவிட்டால் வேலையில்லை' என்று பிள்ளைகளை மிரட்டிய பயிற்சி வியாபாரிகளை ஒருவரும் கேட்கவில்லை.

நல்ல மனதோடு ஒரு யோசனை சொல்பவர்களும் உண்டு: "உங்களுக்குத் தமிழ் நல்லா வரும், மொழிபெயர்ப்புப் பண்ணுங்களேன்." செய்வோம். தமிழில் கணினி வந்ததே உலகெங்கும் சிதறியிருந்த தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால்தான். ஆனால் இந்த உலகத்திலும் வேலைகளுக்குப் படிநிலை இருக்கிறது. கருவின் நிரல் எழுதுபவர் மேலே, இணையப் பக்கம் செய்பவர் அடுத்து, குறிப்பு எழுதுபவர் அதற்குக் கீழே, மொழிபெயர்ப்பவர் கடைசியில். வேலையைப் பிரிப்பதாகச் சொல்லி ஆட்களைப் பிரித்து அடுக்குவதுதான் சாதியின் வேலை என்று அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு உறுத்த வேண்டும். மொழிபெயர்ப்பில் நுழையுங்கள், ஆனால் ஆறு மாதத்தில் நிரலுக்குள் போங்கள். 'உனக்கு இது போதும்' என்பவரிடம் அவர் பிள்ளை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

நிரலே தெரியாமல் போனிலிருந்து செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன், அது எனக்கு மிகவும் நெருக்கமானது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடம் 2004இலிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' செயலியைப் போட்டுக்கொண்டு நடந்தால், இந்தத் தெருவுக்குப் பெயர் என்ன, இந்தப் பாதை மண்ணா சிமெண்டா, விளக்கு இருக்கிறதா என்று கேட்கும். நம் பகுதிகளைத் திறந்து பாருங்கள். ஊர்த்தெரு பெயரோடு இருக்கும், கோயில் இருக்கும், கல்யாண மண்டபம் இருக்கும். சேரி பல இடங்களில் வெறும் சாம்பல் நிறம். சுடுகாட்டுப் பாதை இருக்கவே இருக்காது. எந்தப் பாதைக்காகப் பிணத்தை நடுரோட்டில் வைத்துப் போராடுகிறோமோ அது வரைபடத்தில் இல்லை. அதை வரைவது ஒரு பங்களிப்பு. ஒரு எச்சரிக்கையும் உண்டு: எந்த வீடு யாருடையது என்று காட்டும் வரைபடம் கலவரக்காரன் கைக்கும் போகும். ஆகவே பாதையை, குழாயை, விளக்கை வரையுங்கள். ஆட்களின் சாதியை எழுதாதீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதல்வர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் நாம் யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் இருப்பவர்கள் தாங்கள் அழைக்கும் பெயரைத் தாங்களே எழுதலாம்.

நம் இயக்கத் தோழர்கள் சிலருக்கு இதெல்லாம் கார்ப்பரேட் வேலை. "கம்பெனிக்கு ஓசியில் உழைத்துக்கொடுப்பதா புரட்சி?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம். நம் பாட்டன் பூட்டன்கள் பார்த்த வெட்டி வேலையின் நினைவு நமக்கு இருக்கிறது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற சிறு நூலகத்தில் ஓட்டை கண்டபோது, உலகத்தின் பெரிய நிறுவனங்களெல்லாம் ஒருசில தன்னார்வலர்களின் உழைப்பில் உட்கார்ந்திருந்தது வெளியே தெரிந்தது. ஆகவே கூலி கிடைக்கும் வழிகளைத் தேடுங்கள். 'அவுட்ரீச்சி' திட்டம் பாகுபாட்டைச் சந்தித்தவர்களுக்கென்றே உருவானது. விண்ணப்பத்திலேயே நீங்கள் சந்தித்த ஒடுக்குமுறையை எழுதச் சொல்கிறது. சாதியை அங்கே எழுதுங்கள். உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் ஒன்றே. கூகிளின் கோடைகாலத் திட்டமோ நாட்டுக்கு நாடு தொகையைக் கூட்டிக் குறைக்கிறது.

மறுபாதிக்கு என் பதில் வேறு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோதும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியபோதும் அச்சு எந்திரம் யாருடைய கையில் இருந்தது? அது வெள்ளைக்காரன் கருவி, மிஷனரிக் கருவி என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் நமக்கு இன்று என்ன மிஞ்சியிருக்கும்? வழிகாட்டவும் ஆட்கள் இல்லாமல் இல்லை. பெங்களூர் குடிசைப் பகுதி ஒன்றில் கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் பழைய கணினிகளை வைத்து அம்பேத்கர் சமூகக் கணினி மையம் நடத்திக் காட்டினார்கள். நமக்குப் பக்கத்தில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. புதுச்சேரியிலேயே கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. கணியம் 2012இலிருந்து தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. இவர்கள் எல்லோரும் சாதி ஒழிப்பைத் தலைப்பில் வைத்தவர்கள் இல்லை. அந்தத் தலைப்போடு நாம்தான் அங்கே போய் உட்கார வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை விடுதி ஒவ்வொன்றிலும் ஓடுகிற கணினியும் இணையமும் இரவு பதினொரு மணிவரை திறந்த அறையும் வேண்டும். சிறப்புக்கூறு நிதி இதற்கில்லாமல் எதற்கு? ஆனால் உள்ளூரில் யாரிடம் போய்க் கேட்பது? புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பின் தேர்தலே வைக்கவில்லை. வில்லியனூர் கொம்யூனுக்கும் பாகூர் கொம்யூனுக்கும் கட்டடம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் ஒருவர்கூட இல்லை. நூலகத்தில் கணினி கேட்டு மனு கொடுத்தால் அதிகாரி வாங்கி வைத்துக்கொள்வார். தனித்தொகுதி வார்டு உறுப்பினராக ஒரு தலித் பெண் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்த மனு மேசையிலேயே கிடக்குமா? கணினி அறைக்கான கோரிக்கையையும் உள்ளாட்சித் தேர்தலுக்கான கோரிக்கையையும் ஒரே துண்டறிக்கையில் அச்சடிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாக, சென்னையிலும் பெங்களூரிலும் ஓஎம்ஆரிலும் சம்பளத்தோடு உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்கு. மாதம் ஒரு ஞாயிறு கொடுங்கள். ஊக்க உரை வேண்டாம், அதற்கு ஏற்கெனவே கல்லூரிக்கு ஆள் வருகிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுதியதைத் தமிழில் திருத்தி, அனுப்பு பொத்தானை அவளே அழுத்தும்வரை கூட இருங்கள். அலுவலகத்தில் கழித்துப்போடும் மடிக்கணினிகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். நாங்கள் லினக்ஸ் போட்டுக்கொள்கிறோம். வரும்போது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொண்டு வாருங்கள். எங்கள் படிப்பகத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.